நரிக்கு இட்ட பழி

நரி தந்திரம் மிக்கது. கழுதை மந்தமானது. கொக்கு போலித் துறவி. ஆந்தை ஆகாதது. பாம்பு பழிவாங்கும். கழுகு பிணந்தின்னி, ஆகவே இழிந்தது.

இவை நீதிமன்றத் தீர்ப்புகள் அல்ல, அவற்றினும் கொடியவை. நீதிமன்றத்தில் கூண்டில் நிற்பவனுக்கு வாய்தா உண்டு, வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடும் உண்டு. நரிக்கு ஏது? அது செய்தது என்ன என்று எவரும் கேட்பதில்லை. அது நரியாகப் பிறந்தது, அது போதும். அரிச்சுவடியைத் திறப்பதற்கு முன்பே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தீர்ப்புகள் அனைத்தும் மனப்பாடம். ஓர் உயிரின் செயலைப் பாராமல், அதன் பிறப்பைப் பார்த்துக் குணத்தை முடிவுகட்டும் இந்தப் பழக்கத்தை நாம் வேறெங்கோ கண்டதில்லையா? ஊரின் தெருக்களில் கண்டதைத்தான், உரோமம் போர்த்தி, வாலும் ஒட்டவைத்து, குழந்தைக் கதை என்ற பெயரால் தொட்டிலுக்கு அனுப்பி வைத்திருக்கிறோம்.

விலங்குகளை நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும் பொறுப்பை நெடுங்காலமாக ஏற்றிருப்பது பஞ்சதந்திரம். அதன் பெருமையை நான் மறைக்க விரும்பவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று பஃலவி மொழியில் உருப்பெற்றது. 8-ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் ‘கலீலாவும் திம்னாவும்’ என்ற பெயருடன் உலவியது. அந்த இரு பெயர்களும் யாருடையவை? கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளின் பெயர்கள்! அரபு நாட்டார் சிங்கத்தின் பெயரை நூலுக்குச் சூட்டவில்லை; அமைச்சுத் தொழில் பார்த்த நரிகளின் பெயரையே சூட்டினர். அந்நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுள்ளும் புகுந்தது. தமிழில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்து உரைநடையில் தந்த பஞ்சதந்திரம் 1826-இல் அச்சேறியது. தமிழ் உரைநடை நடைபயின்ற நாட்களில் அதற்கு ஊன்றுகோலாக நின்ற நூல்களுள் அது ஒன்று. அந்த நன்றியை மறுப்பது தகாது.

ஆயினும் ஒன்று கேட்போம். பஞ்சதந்திரம் யாருக்காகச் செய்யப்பட்டது? மந்த புத்தியுடைய மூன்று அரச குமாரர்களுக்கு ஆறே திங்களில் அரசியல் சூழ்ச்சியைப் புகட்டுவதற்காக என்று நூலே சொல்கிறது. நட்பைப் பிரிப்பது எப்படி, பகைவன் கோட்டைக்குள் ஒற்றனாய் நுழைவது எப்படி, நம்பியவனைக் கவிழ்ப்பது எப்படி என்பனவே அதன் பாடங்கள். ஆறு திங்களில் அரசியல் கற்பிக்க எழுந்த நூலை ஆறு வயதுப் பிள்ளைக்கு விலங்கு காட்டும் நூலாக நாம் ஆக்கிக்கொண்டோம். குற்றம் நூலின் மீது பாதி. அதை எடுத்துக் கொடுத்த நம் மீது பாதி.

நூலின் பாதியை முதலில் பார்ப்போம். நீலநரிக் கதையை அறியாதார் இல்லை. சாயத் தொட்டியில் விழுந்து நீலநிறம் பெற்ற நரி, காட்டுக்கு அரசனாகிறது. சிங்கமும் புலியும் ஏவல் செய்கின்றன. தன் இனத்து நரிகளை அது நாட்டைவிட்டு ஓட்டுகிறது. பிறகொரு நாள் தொலைவில் நரிகள் ஊளையிடக் கேட்டுத் தானும் ஊளையிடுகிறது, உடனே கிழித்தெறியப்படுகிறது. கவனியுங்கள்: தன் இனத்தை விரட்டிய குற்றத்துக்காக அது கொல்லப்படவில்லை. குடிகளைக் கொடுமை செய்ததற்காகவும் கொல்லப்படவில்லை. நரியாகப் பிறந்தது வெளிப்பட்டுவிட்டது. அதுவே குற்றம், அதற்கே தண்டனை.

எலி மங்கையின் கதையும் அவ்வாறே. முனிவர் ஒருவர் எலியைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். மணப்பருவத்தில் கதிரவனை அழைக்கிறார், மேகத்தை அழைக்கிறார், காற்றை அழைக்கிறார், மலையை அழைக்கிறார். அவள் எவரையும் வேண்டாள். இறுதியில் எலியையே வேண்டி எலியாகவே மாறுகிறாள். முனிவரின் தவ வலிமைகூடப் பிறப்பை மாற்ற இயலாதாம். கதை நயமானது, சொல்லும் முறை சுவையானது. கேட்கும் பிள்ளை கைகொட்டிச் சிரிக்கிறது. சிரித்துக்கொண்டே விழுங்கும் மருந்து உள்ளே இறங்குவதைப் போலவே சிரித்துக்கொண்டே விழுங்கும் நஞ்சும் இறங்கும்.

கொக்குக்கு வருவோம். குளக்கரையில் ஒற்றைக்காலில் நின்று, ‘நான் நோன்பு பூண்டேன், மீன் தின்பதை விட்டேன்’ என்று சொல்லி, வேறு நீர்நிலைக்குக் கொண்டு சேர்ப்பதாக ஆசைகாட்டி, மீன்களை ஒவ்வொன்றாய்த் தின்று, கடைசியில் நண்டின் பிடியில் கழுத்தறுபடும் கொக்கை அந்நூல் காட்டுகிறது. போலித் துறவிகளைச் சாடுகிறது என்றால், நல்லது; நாமும் உடன் நின்று கைதட்டுவோம். ஆனால் கொக்கு ஏன் அசையாமல் நிற்கிறது? நீர் கலங்கினால் மீன் விலகும்; நிழல் ஆடினால் மீன் அஞ்சும்; ஆகவே நிற்கிறது. அது வேடமன்று, வேட்டை. உழைப்பாளியின் உழைப்பை நடிப்பென்று ஏசுவது போன்றது இப்பழி.

இதே பறவையைக் கபிலர் எப்படிக் கண்டார்? குறுந்தொகை 25-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். தலைவியும் தலைவனும் கூடிய நாளில் வேறு சான்று இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனை நோக்கி நின்ற குருகு ஒன்றே இருந்தது. அதன் காலின் மெலிவையும் நிறத்தையும் ஒரு பயிரின் தண்டைக் கொண்டு அளந்து காட்டுகிறார் கபிலர். அந்தக் குருகுக்கு நற்குணமும் இல்லை, தீக்குணமும் இல்லை. மீனுக்காக நிற்கிறது, அவ்வளவே. அது தன் வேலையில் ஆழ்ந்திருப்பதால்தான் தலைவிக்குச் சான்று இல்லாமற் போகிறது. பாட்டின் துயரமே அந்த உண்மையிலிருந்து பிறக்கிறது. பறவையைப் பொய்யாக்கியிருந்தால் பாட்டும் பொய்யாகியிருக்கும். கபிலரை அந்தணர் என்பர். இருக்கட்டும். பார்வைக்குப் பிறப்பு ஏது? கண் திறந்து பார்த்தார், கண்டதைச் சொன்னார்.

ஆந்தையின் கதையோ இன்னும் இரங்கத்தக்கது. சங்கப் புலவர்க்கும் கூகையின் குரல் அச்சம் தந்தது உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நற்றிணை 83-ஆம் பாட்டில் தோழி கூகையிடம் என்ன பேசுகிறாள்? இரவில் குழறி எங்களை அஞ்சச் செய்யாதே, உனக்கு இறைச்சிச் சோறும் எலிச் சூடும் தருகிறேன் என்று கைக்கூலி பேசுகிறாள்! அச்சம் இருக்கிறது, அச்சத்தோடு அறிவும் இருக்கிறது. கூகை எலி தின்னும் என்பது அவளுக்குத் தெரியும். வள்ளுவரும் 481-ஆம் குறளில் காக்கை பகலில் கூகையை வெல்லும் என்று கூறினார். பகலில் ஆந்தையைக் காக்கைகள் துரத்துவதை மரத்தடியில் நின்று கண்டவர்கள் அது கண்கூடு என்பதை அறிவர். சகுனம் பார்த்துச் சொன்னதன்று அது. சற்று நின்று பார்த்துச் சொன்னது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய தோழிக்குத் தெரிந்த உண்மை, வீட்டுக் கூரையில் ஆந்தை அமர்ந்தால் கல்லெறியும் இன்றைய பட்டதாரிக்குத் தெரியவில்லை. வயல் எலியை வாரி விழுங்கும் அந்தப் பறவைக்காக, வரப்பில் குச்சி நட்டு அமர இடம் செய்து கொடுக்கும் உழவன் அந்தப் பட்டதாரியைவிடப் படித்தவன்.

இவையெல்லாம் கதைதானே, கதையால் என்ன கேடு என்று கேட்பார் உளர். கேடு இருக்கிறது. அதைச் சொல்லவே இவ்வளவு பீடிகை.

2020-இல் வெளிவந்த ஆய்வொன்று, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள். மாண்டவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். மாளிகையில் துயின்றவர்கள் அல்லர். குடிசையில் பாய் விரித்தவர்கள், வயலில் இறங்கியவர்கள், வரப்பில் நடந்தவர்கள், அவர்தம் பிள்ளைகள். உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் பாம்புக்கடி நஞ்சைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோயா, நோயாளியா என்று கேட்டுவிடாதீர்கள், விடை கசக்கும்.

இத்தகைய நாட்டில் பிள்ளைகளுக்குப் பாம்பைப் பற்றி நாம் சொல்லிவைத்திருப்பது என்ன? புற்றுக்குப் பால் வார்த்தவனுக்கு நாள்தோறும் பொற்காசு தந்த நாகத்தின் கதை. அதுவும் பஞ்சதந்திரத்தில் உள்ளதே. நான் பாடம் நடத்தும் ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், பாம்பைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள் என்றேன். வந்த தாள்களைப் படித்தபோது ஒரு புராணமே தொகுக்கலாம் போலிருந்தது. பாம்பு பால் குடிக்கும். நாகத்தின் தலையில் இரத்தினம் இருக்கும். சாரைப்பாம்பு நல்லபாம்பின் கணவன். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தின் உச்சியில் ஏறி, கடிபட்டவன் சுடுகாட்டில் எரியும் புகையைப் பார்த்த பிறகே இறங்கும். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும். மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை. நக்கினால் தொழுநோய் வரும். ஒரே ஒரு சிறுமி மட்டும் எழுதியிருந்தாள்: ‘பாம்பு எலியைத் தின்னும்; எலி இருக்கும் இடத்துக்கு வரும்.’ நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாயின் மகள் அவள். அந்த அறிவு பாடநூலிலிருந்து வரவில்லை. தாயின் கால் சேற்றிலிருந்து வந்தது.

உண்மை என்ன? பாம்புக்குப் பாலைச் செரிக்கும் உடலமைப்பு இல்லை. பட்டினி போட்டு, தாகத்தால் வாடவிட்டு, எதை வைத்தாலும் குடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பாம்பையே பாலருந்தும் பாம்பென்று காட்டுகிறார்கள். மகுடியின் இசையில் அது மயங்குவதில்லை. மகுடியின் அசைவைப் பின்தொடர்கிறது. சாரை வேறு இனம், நல்லபாம்பு வேறு இனம். அவற்றுக்குள் மணவுறவு இல்லை. கொம்பேறி மூக்கன் நஞ்சற்றது. சுடுகாட்டுப் புகைக்கும் அதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. மண்ணுளிக்கு இருப்பது ஒரு தலையும் மழுங்கிய ஒரு வாலுமே. அந்த வாலைத் தலையென்றும் அது செல்வம் தருமென்றும் நம்பி, அவ்வேழைப் பிராணியைக் கள்ளச் சந்தையில் விற்கும் கூட்டமும் உண்டு. பொய் வெறும் பொய்யாக நிற்பதில்லை, விலை பெறுகிறது.

பெரும்பாலான சாவுகளுக்குக் காரணமாகச் சொல்லப்படுவன நான்கே: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கையும் படம் பார்த்து அடையாளம் காண ஒரு பிள்ளைக்கு அரைமணி நேரம் போதும். இவற்றுள் கட்டுவிரியனைப் பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியாக வேண்டும். இரவில் இரைதேடும் பாம்பு அது. தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கிறது. பல்லின் தடம் பலவேளை கண்ணுக்குத் தெரியாது. வலியும் பெரிதாக இராது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழும். தாய் ஓமத் தண்ணீர் கொடுப்பாள். பிறகு கண்ணிமை சரியும், நாக்குக் குழறும், மூச்சு இயக்கும் தசைகள் ஓயும். காத்து கருப்பு என்று வேப்பிலை தேடும் நேரத்தில் உயிர் போய்விடும். கட்டில் இருந்தால் கட்டிலில் படு. இல்லையேல் கொசுவலையின் ஓரத்தைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிப் படு. இருளில் நடக்கக் கைவிளக்கு எடு. வீட்டைச் சுற்றித் தானியத்தையும் குப்பையையும் இறைக்காதே, எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, கயிறு கட்டி இறுக்காதே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நச்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு அப்பொழுதே போ. இவ்வளவுதான் பாடம். காட்டுயிரும், சுற்றுப்புறத் தூய்மையும், உடல்நலமும் மூன்று வேறு பாடங்கள் என்று பிரித்து வைத்திருக்கிறோமே, ஒரு பாம்பு ஊர்ந்து வந்தால் மூன்றும் ஒன்றாகிவிடுவதைக் காண்கிறீர்கள் அல்லவா?

2019 நவம்பரில் கேரளத்தின் வயநாட்டில், பள்ளி வகுப்பறையின் தரையில் இருந்த பொந்திலிருந்து வந்த பாம்பு கடித்துச் சிறுமி ஒருத்தி இறந்தாள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவில்லை என்று ஆசிரியர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் எவரும் அந்தச் செய்தியை எளிதில் மறக்க இயலாது. பிள்ளைகள் பாடத்தில் தேறினார்களா என்று நாம் தேர்வு வைக்கிறோம். அன்று தேர்வு ஆசிரியருக்கு நடந்தது. தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. மருத்துவமனை அறிவிக்கட்டும், வகுப்பறை எப்போது அறிவிக்கப் போகிறது?

நச்சுமுறி மருந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பிள்ளைகள் மட்டுமன்று, பெரியவர்களும் விழிக்கிறார்கள். பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது அது. அந்த நஞ்சைத் தருபவர்கள் யார்? மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றபின் வயிற்றுப் பிழைப்பிழந்த மக்கள், பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடும் தொழிலைக் கைக்கொண்டனர். இந்திய நாட்டின் நச்சுமுறிக்குப் பெரும் பங்கு நஞ்சு அவர்கள் கைகளிலிருந்து போயிருக்கிறது. மண்ணில் பதிந்த தடம் பார்த்துப் பாம்பின் இனம் சொல்லும் அறிவு அவர்களுடையது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்ந்தோம், செய்தித்தாளில் படம் பார்த்தோம், மடித்து வைத்தோம். எத்தனை பள்ளிகள் ஓர் இருளரை வகுப்பறைக்கு அழைத்து, நாற்காலியிட்டு அமர்த்தி, ‘பிள்ளைகளே, இன்று இவர் உங்கள் ஆசிரியர்’ என்று சொல்லியிருக்கின்றன? விஷ்ணுசர்மாவுக்கு வகுப்பறையில் நிலையான இடம் உண்டு. சடையனுக்கு இல்லை.

கழுகைப் பற்றியும் ஒரு சொல். பிணந்தின்னி என்று நாம் முகம் சுளிக்கும் பாறு, செத்த மாட்டைச் சில நாழிகைகளில் எலும்பாக்கி, ஊரை நாற்றத்திலிருந்தும் நோயிலிருந்தும் காத்து வந்தது. மாடுகளின் வலி தீர்க்கத் தந்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2004-இல் அறிவியலார் காரணத்தைக் கண்டனர். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோயிற்று. தமிழகத்தில் இன்று அவை பெரிதும் எஞ்சியிருப்பது மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். பாறு அழிந்ததால் பிணங்கள் தேங்கின, நாய்கள் பெருகின, நீர் மாசுற்றது. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும் இதனால் ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று 2024-இல் வந்த பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டது. காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் சடாயுவின் பெயரால் தலம் இருக்கிறது. கதையில் வந்த சடாயுவுக்குப் பூசை. வானில் வந்த பாறுக்கு நஞ்சு. அது மறைந்ததைப் பள்ளிகளில் எவரும் ஒரு நாள் பாடமாகக்கூட நினைக்கவில்லை. இழிந்தது என்று கற்பிக்கப்பட்ட ஒன்று இல்லாமற் போனால் யார் தேடுவர்?

இனி, குற்றத்தின் மற்றப் பாதி. பஞ்சதந்திரம் பழைய நூல். புதிய பாடநூல்கள் என்ன செய்தன? 1991-இல் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க ஆணையிட்டது. பாடம் வந்தது. பாடத்தோடு கூடவே பட்டியலும் வந்தது. மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன். எழுது, ஒப்புவி, மதிப்பெண் பெறு. இம்மூன்றில் ஒன்றையேனும் நேரில் கண்ட பிள்ளை எத்தனை? ‘மரம் வளர்ப்போம்’ என்று பேச்சுப் போட்டியில் முழங்கிய மாணவன், மேடையிலிருந்து இறங்கியதும் பள்ளி வாயிலில் நிற்கும் மரத்தின் பெயர் கேட்டால் திகைக்கிறான். அவன் மீது பிழையில்லை. அந்த மரத்தின் பெயரை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் சுவர்ப் படத்தில் சிரிக்கின்றன. ஊர் ஏரிக்கு வரும் நத்தைகுத்தி நாரைக்குச் சுவரில் இடமில்லை.

வகுப்பறைக்குள் காட்டுயிர் நுழையும் வேறொரு வழியும் உண்டு. அது ஆசிரியர் நாவு. கழுதை, எருமை, குரங்கு என்னும் வசைகள் இன்னும் ஓயவில்லை. மெலிந்து வெறித்துப் பார்க்கும் பிள்ளையைத் ‘தேவாங்கு’ என்பர். தேவாங்கு என்றால் என்ன? இரவில் மரக்கிளைகளில் மெல்ல ஊர்ந்து, பயிருக்குத் தீங்கு செய்யும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும் சின்னஞ்சிறு உயிர். இருளில் பார்ப்பதற்காக அதன் கண் பெரிது. அந்தக் கண்ணையே குற்றமாக்கி, மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று அதைப் பிடித்து வதைத்தார்கள். 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காட்டின் 11,806 ஹெக்டேர் பரப்பு தேவாங்குக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது; இந்தியாவில் அதற்கென அமைந்த முதல் காப்பிடம் அது. சட்டம் காட்டில் அதைக் காக்கிறது. வகுப்பறையில் அதன் பெயர் இன்னும் வசைச்சொல்லாகவே இருக்கிறது. அதனால் காயப்படுவது தேவாங்கு மட்டுமா? அந்தப் பெயரால் அழைக்கப்பட்ட மெலிந்த பிள்ளைக்கு வேண்டியிருந்தது ஒரு வேளைச் சோறு. கிடைத்தது ஒரு பட்டம்.

நல்ல பாடமே நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிவார்கள். பிள்ளைகளும் கேட்டே வளர்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எழுத்திலும் வழி காட்டியவர் உண்டு. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) இயற்கையைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. பார்த்ததை மட்டுமே எழுதுவது, பாராததைப் பாராதது என்றே விடுவது என்னும் நேர்மை அதில் உண்டு. பெரியவர்களுக்கான நூல் அது. பிள்ளைகளுக்கு அந்த நேர்மையோடு எழுத இன்னும் பலர் வரவேண்டும்.

‘கதையைப் பறித்துவிட்டுப் பிள்ளையின் கற்பனையைக் கொல்லப் பார்க்கிறாயா?’ என்று ஒரு நண்பர் சினந்தார். இல்லை ஐயா. எல்லாக் கதையும் குப்பை என்று நான் சொல்லவில்லை. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியை, வாயில் குருதி கண்டு அவசரப்பட்டுக் கொன்ற தாயின் கதையும் பஞ்சதந்திரத்தில்தான் இருக்கிறது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலும் கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணின் துயரைக் கோவலன் நீக்கியதாக அது இடம்பெறுகிறது. அந்தக் கதையில் கீரி கீரியாகவே இருக்கிறது. பாம்போடு பொருதுவது அதன் இயல்பு. தவறு செய்வது மனிதன், ஆராயாமல் தண்டித்தான். விலங்கின் மீது பொய் ஏற்றாமலே மனிதனுக்குப் பாடம் சொல்ல முடியும் என்பதற்கு அதுவே சான்று. வடை சுட்ட பாட்டியின் கதையையோ குழந்தைகளே திருத்திவிட்டார்கள்: காக்கை வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடியதாம்! காக்கையின் அறிவை நேரில் கண்டவர்களின் திருத்தம் அது.

உண்மை நரியின் வாழ்க்கை கட்டுக்கதை நரியின் வாழ்க்கையைவிடச் சுவையானது. ஆணும் பெண்ணும் இணை பிரியாமல் வாழும். வயல் எலியைத் தின்னும், நண்டைத் தின்னும், செத்ததைத் தின்னும், இலந்தைப் பழத்தையும் தின்று விதையைத் தொலைவில் கொண்டு சேர்க்கும். குட்டிகள் வளர்ந்தபின் எல்லாமே பிரிந்து போய்விடுவதில்லை. சில, அடுத்த ஈற்றுவரை தாய் தந்தையோடு தங்கி, புதிதாய்ப் பிறந்த தம்பி தங்கையருக்கு இரை கொண்டுவந்து ஊட்டும், காவலும் இருக்கும். மாலையில் ஒன்று ஊளையிட, மற்றவை மறுமொழி தருவது, நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று உறவுக்கும் அயலுக்கும் சொல்லும் குரல். தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரும் அக்காள்மார் நம் வகுப்புகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த நரியைக் காட்டினால் கண் விரிக்க மாட்டார்களா?

பஞ்சதந்திரத்தைக் கொளுத்துங்கள் என்று நான் கூறவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எடுத்து ஒன்பதாம் வகுப்பில் வையுங்கள். அங்கே அது தன் உண்மையான பெயரோடு, அரசியல் நூலாக, படிக்கப்படட்டும். அந்த வயதில் நீலநரிக் கதையைப் படிக்கும் மாணவன் எழுந்து கேட்பான்: ஊளையிடுவதற்கு முந்திய நாள் வரை சிங்கமும் புலியும் அந்த ஆட்சியில் என்ன குறை கண்டன? ஆசிரியர் விடையோடு வகுப்புக்குப் போகட்டும்.